எர்த் நன்றாக இருந்தும் எம்சிபி ஏன் விழவில்லை?

முதலில் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். தனி வீடு. எர்த் குழியை அளந்ததில் 4 ஓம் வந்தது, "நல்ல எர்த்" என்று வயர்மேன் சொல்லிவிட்டுப் போனார். சில மாதம் கழித்து கீசருக்குள் ஃபேஸ் வயர் பாடியில் பட்டுவிட்டது. கீசருக்குப் போட்டிருந்த 32 ஆம்பியர் எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக சப்ளையை அறுக்கும் சுவிட்ச், விழவில்லை (ட்ரிப் ஆகவில்லை). கீசரை யாரும் தொடவில்லை, ஆனால் சமையலறையில் பிரிட்ஜைத் தொட்டவருக்குப் பலமாக ஷாக் அடித்தது. எர்த் சரியாக இருந்தும் இது எப்படி நடந்தது, லூப் இம்பீடன்ஸ் என்று சொல்கிறார்களே அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பது கேள்வி.

வயர்மேன் சொன்னது சரி. ஒரு வீட்டுக்கு 4 ஓம் நல்ல எர்த்தான். எம்சிபியும் பழுதாக இருந்திருக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒழுங்காக இருக்கும்போதே இது நடக்கும். நம் ஊரில் தனி வீடுகளுக்குச் செய்யும் வயரிங்கில், எர்த் குழியும் எம்சிபியும் மட்டும் இருந்தால், பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.

லீக் ஆகும் கரண்ட் பூமிக்குள் இறங்கி மறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. கரண்ட் எங்கிருந்து கிளம்பியதோ அங்கேயே திரும்பிப் போயாக வேண்டும். அது கிளம்பிய இடம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் வைண்டிங். திரும்ப வழி இருந்தால் ஓடும், இல்லையென்றால் ஓடாது. பூமி அந்த வழியில் ஒரு துண்டு, அவ்வளவுதான்.

உங்கள் கீசரில் கரண்ட் போன பாதையைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங்கில் கிளம்பி, கம்பத்து லைன் வழியாக சர்வீஸ் வயருக்கு வந்து, மீட்டர், எம்சிபி எல்லாம் தாண்டி, ஃபேஸ் வயரில் கீசர் வரைக்கும் வருகிறது. அங்கே பாடிக்குத் தாவி, எர்த் வயரில் இறங்கி, எர்த் குழிக்குப் போய், மண்ணுக்குள் பரவி, டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே இருக்கும் நியூட்ரல் எர்த் குழியில் ஏறி, மறுபடி வைண்டிங்குக்கே வந்து சேர்கிறது. இந்த முழு வட்டத்துக்குத்தான் எர்த் ஃபால்ட் லூப் என்று பெயர். வட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு துண்டின் தடையையும் கூட்டினால் வருவது லூப் இம்பீடன்ஸ். அது வழக்கமாக எர்த் குழியின் ஓமை விடப் பெரிதாக இருக்கும், ஏனென்றால் குழி அந்தக் கூட்டலில் ஓர் உறுப்பு மட்டுமே.

இப்போது கணக்கு. உங்கள் குழி 4 ஓம். டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் எர்த் 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம், பராமரிப்பு இருந்தால் அது நியாயமான எண். வயர்கள், லைன், வைண்டிங் எல்லாம் சேர்ந்து முக்கால் ஓம் என்று தாராளமாகவே போடுவோம். மொத்தம் 5.75 ஓம். 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் 40 ஆம்பியர். பாடியில் ஃபேஸ் நேராகவே பட்டிருந்தாலும் உங்கள் வீட்டில் ஓடக்கூடிய ஃபால்ட் கரண்ட் இவ்வளவுதான்.

இந்த 40 ஆம்பியரை 32 ஆம்பியர் எம்சிபி எப்படிப் பார்க்கும்? எம்சிபிக்குள் இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. ஒன்று சூடாகி வளையும் உலோகப் பட்டை. ஓவர்லோடுக்கு மெதுவாக ட்ரிப் ஆவது இதனால். இன்னொன்று காந்தச் சுருள். ஷார்ட் சர்க்யூட்டில் கண் இமைக்கும் முன் அறுப்பது இது. பட்டையைப் பற்றித் தர விதி சொல்வது இதுதான்: குறித்த ஆம்பியரைப் போல 1.13 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழக் கூடாது, 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 32 ஆம்பியருக்கு இந்த எல்லைகள் 36 ஆம்பியரும் 46 ஆம்பியரும். 40 சரியாக நடுவில் இருக்கிறது. அரை மணியில் விழலாம், விழாமலும் இருக்கலாம். எதற்கும் உத்தரவாதம் கிடையாது.

காந்தச் சுருள் வேலை செய்ய வேறு அளவு கரண்ட் வேண்டும். பி வகை எம்சிபி 3 முதல் 5 மடங்குக்குள் உடனே அறுக்கும், சி வகை 5 முதல் 10 மடங்குக்குள், டி வகை 10 முதல் 20 மடங்குக்குள். நம் கடைகளில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் சி வகை. சி32 கட்டாயம் உடனே விழ வேண்டுமென்றால் 320 ஆம்பியர் ஓட வேண்டும். அதற்கு முழு லூப்பும் சேர்த்தே 0.72 ஓமுக்குள் இருக்க வேண்டும்.

மேலே போட்ட கூட்டலுக்குத் திரும்புங்கள். டிரான்ஸ்ஃபார்மர் எர்த் மட்டுமே 1 ஓம். உங்கள் குழியை எப்படியோ பூஜ்ஜியம் ஓம் ஆக்கிவிட்டாலும் லூப் 1.75 ஓம், கரண்ட் 131 ஆம்பியர். 320 வராது. பி32-க்கு வேண்டிய 160-கூட வராது. எத்தனை குழி தோண்டினாலும், எவ்வளவு உப்பும் கரியும் கொட்டினாலும், எம்சிபியை உடனே விழவைக்கும் கரண்ட் இந்த வழியில் கிடைக்காது. எர்த்தை இன்னும் நன்றாகப் போடுங்கள் என்று யார் சொன்னாலும் இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

இப்போது பிரிட்ஜ். 40 ஆம்பியர் ஓடும்போது 230 வோல்ட்டும் லூப்பின் துண்டுகளுக்கு இடையில் அவற்றின் ஓமுக்கு ஏற்றபடி பங்காகிறது. உங்கள் குழியின் பங்கு 40 பெருக்கல் 4, அதாவது 160 வோல்ட். குழியில் இறங்கும் எர்த் கம்பி, சுற்றியுள்ள தரையை விட 160 வோல்ட் மேலே நிற்கிறது. அந்தக் கம்பியில்தான் வீட்டின் எல்லா எர்த் வயரும் சேர்ந்திருக்கிறது. ஆகவே கீசர் மட்டும் இல்லை. பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், மிக்ஸி வைக்கும் இடத்தில் இருக்கும் இரும்பு சுவிட்ச் பாக்ஸ், மோட்டார் எல்லாமே 160 வோல்ட்டுக்கு ஏறிவிடுகின்றன. தரையில் வெறுங்காலோடு நின்று பிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்தவருக்கு அதில் பெரும்பங்கு கிடைத்திருக்கிறது. மனித உடம்பின் தடையைத் தோராயமாக 1000 ஓம் என்று எடுத்தால் 160 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியர் வாக்கிலேயே கை பிடித்ததை விட முடியாமல் இறுகிவிடும். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டி நீடித்தால் இதயத்துக்கு ஆபத்து. செருப்போ காய்ந்த டைல்ஸோ குறுக்கே தடையாக இருந்ததால் அவர் தப்பித்திருக்கிறார்.

இதைக் கேட்டதும் சிலர் பிரிட்ஜின் எர்த்தைக் கழற்றிவிடலாமே என்று யோசிப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கழற்றினால் பிரிட்ஜுக்குள்ளேயே ஃபால்ட் வரும் நாளில் அதன் பாடி முழு 230 வோல்ட்டில் நிற்கும், திரும்பும் வழியாக அதைத் தொடுகிற ஆள் மட்டுமே இருப்பார். எர்த் வயர் கட்டாயம் வேண்டும். ஆனால் அதன் வேலை ஃபால்ட் கரண்டுக்கு வழி கொடுப்பது. ஆளைக் காப்பாற்றுவது, அந்தக் கரண்டைப் பார்த்து சப்ளையை நேரத்தோடு அறுக்கும் கருவி. ஃபால்ட் பாதுகாப்பு என்பது இந்த இரண்டும் சேர்ந்தது.

எவ்வளவு நேரத்துக்குள் அறுக்க வேண்டும்? கட்டட வயரிங்குக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60364 இதைத் தெளிவாகச் சொல்கிறது. நம் வீடு போல, சப்ளைக்கு ஒரு எர்த், வீட்டுக்குத் தனியாக ஒரு எர்த், நடுவில் மண் என்று இருக்கும் அமைப்புக்கு டிடி என்று பெயர். 230 வோல்ட்டில் வீட்டுக்குள் இருக்கும் பிளக், லைட் சர்க்யூட்டுகளுக்கு டிடி அமைப்பில் 0.2 வினாடி. நம் இந்தியத் தரங்களான, வயரிங்குக்கான ஐ.எஸ். 732-உம் எர்த்துக்கான ஐ.எஸ். 3043-உம் இதே சிந்தனையில் எழுதப்பட்டவைதான். 0.2 வினாடிக்கும், "அரை மணியில் விழலாம்" என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

சரி, அப்படியானால் எதைப் போடுவது? லீக்கேஜைப் பார்த்து சப்ளையை அறுக்கும் ஆர்சிசிபி. கடையில் பழைய பழக்கத்தில் இஎல்சிபி என்றே கேட்பார்கள். இது கரண்ட் எவ்வளவு பெரிது என்று பார்ப்பதில்லை. ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று மட்டும் பார்க்கிறது. இரண்டு வயரும் ஒரே காந்த வளையத்துக்குள் போகின்றன. சமமாக இருந்தால் வளையத்தில் எதுவும் இல்லை. கொஞ்சம் கரண்ட் மண் வழியாகத் திரும்பினால் சமநிலை கெட்டு, உள்ளே இருக்கும் ரிலே இழுத்து சப்ளையை அறுத்துவிடும். வீட்டுக்கு வாங்க வேண்டியது 30 மில்லி ஆம்பியர். குறித்த அளவு லீக்கேஜ் வந்தால் 0.3 வினாடிக்குள்ளும், அதைப் போல ஐந்து மடங்கு வந்தால் 0.04 வினாடிக்குள்ளும் விழ வேண்டும் என்பது அதன் தரம். உங்கள் கீசரில் ஓடியது 40 ஆம்பியர், அதாவது 30 மில்லி ஆம்பியரைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். பிரிட்ஜை யாரும் தொடும் முன்பே வீடு இருட்டாகியிருக்கும்.

டிடி அமைப்புக்கான விதி ஒரே வரிதான்: எர்த்தின் ஓமை ஆர்சிசிபியின் ஆம்பியரால் பெருக்கினால் 50 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 30 மில்லி ஆம்பியருக்கு இது 1667 ஓம் வரை அனுமதிக்கிறது. இந்த எண்ணைப் பார்த்து எர்த்தே வேண்டாம் போல என்று எண்ணிவிடக் கூடாது. கோடையில் மண் காயும், குழாய் துருப்பிடிக்கும், கிளாம்ப் தளரும். 200 ஓமுக்கு மேல் போகும் எர்த்தை நிலையானதாகக் கருத முடியாது என்பது பிரிட்டிஷ் வயரிங் விதிகளில் இருக்கும் எச்சரிக்கை. என் சொந்தக் கருத்து, ஒரு வீட்டுக்கு 20, 30 ஓமுக்குள் இருந்து அது ஆண்டு முழுவதும் அப்படியே நின்றால் போதும். மீதிப் பணத்தை ஆர்சிசிபிக்குச் செலவிடுங்கள்.

குழியைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில்தான் வீண் செலவு அதிகம். மண்ணின் தன்மையைப் பொறுத்துத்தான் எல்லாம். 100 ஓம் மீட்டர் (மண்ணின் மின்தடைத் தன்மையைச் சொல்லும் அளவு) மண்ணில் 3 மீட்டர் நீளமும் 40 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள ஒரு குழாயை இறக்கினால் சுமார் 28 ஓம் வரும். ஈரக் களிமண்ணில் 10 ஓமுக்குள் வரலாம். பாறை நிலத்தில் சில நூறு ஓம்கூட வரும். குழாயின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் குறைவது எட்டில் ஒரு பங்குதான். நீளத்தை இரண்டு மடங்காக்கினால் ஏறக்குறைய பாதியாகும், ஆழத்தில் ஈரமும் நிலையாக இருக்கும். தடித்த குழாயை விட ஆழமான குழாய் மேல். இரண்டாவது குழி தோண்டினால் முதல் குழியிலிருந்து குறைந்தது குழாயின் நீளம் அளவுக்காவது தள்ளித் தோண்ட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே மண்ணைப் பங்கு போட்டுக்கொள்ளும். உப்பு கொஞ்ச நாள் உதவும், மழையில் கரைந்து போகும், போகும் முன் ஜிஐ குழாயை அரித்துவிட்டுப் போகும்.

இன்னொரு விஷயம். நேரடி ஷார்ட் வந்தபோது என்ன ஆகும் என்றுதான் இதுவரை பார்த்தோம். கீசர்களில் அதை விட அதிகம் நடப்பது எலிமெண்ட்டின் உறை நடுவில் எங்கோ வெடித்து, உள்ளே இருக்கும் சுருள் உறையைத் தொடுவது. 2 கிலோவாட் எலிமெண்ட் 26 ஓம். சரி பாதியில் பட்டது என்று வைத்து, உங்கள் எர்த் அளவையே எடுத்துக் கணக்குப் போட்டால் மண்ணுக்குப் போவது சுமார் 10 ஆம்பியர், பாடியில் சுமார் 40 வோல்ட். ஃபேஸில் மொத்தம் ஓடுவதே 14 ஆம்பியர். தண்ணீர் வழக்கம்போலச் சூடாகும். எம்சிபிக்கு இதில் தப்பாக எதுவுமே தெரியாது. நனைந்த உடம்போடு குளியலறையில் நிற்பவருக்கு 40 வோல்ட் சின்ன விஷயமே இல்லை. எர்த் எவ்வளவு நன்றாக இருந்தாலும், லூப் இம்பீடன்ஸ் எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஃபால்ட்டுக்குள்ளேயே தடை இருந்தால் எம்சிபி கண்டுபிடிக்காது. ஆர்சிசிபி உடனே பிடித்துவிடும்.

லூப் இம்பீடன்ஸ் நிஜமாகவே முதன்மையான எண்ணாக இருக்கும் இடங்கள் வேறு. சொந்த டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கும் பெரிய அடுக்குமாடிகள், ஆலைகள், மருத்துவமனைகள். அங்கே டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலிலிருந்தே எர்த் கண்டக்டர் தனியாகக் கிளம்பி, எம்சிபிகள் இருக்கும் ஒவ்வொரு டிபி பாக்ஸுக்கும் வருகிறது. ஃபால்ட் கரண்ட் மண்ணுக்குள் இறங்கத் தேவையில்லை, முழு வட்டமும் செம்பும் அலுமினியமும்தான். இதற்கு டிஎன்-எஸ் என்று பெயர். மண் கணக்கிலிருந்து போய்விட்டதால் லூப் ஒரு ஓமுக்குக் கீழே வரும், நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும், எம்சிபியே காந்தச் சுருளால் அறுத்துவிடும். இந்த அமைப்பில் வேண்டிய நேரம் 0.4 வினாடி.

ஆனால் அங்கேயும் கணக்குப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். ஒரு ஃபிளாட்டின் டிபி வரைக்கும் லூப் 0.2 ஓம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 30 மீட்டர் தள்ளி ஒரு பிளக் பாயிண்ட். ஃபேஸ் 2.5 சதுர மில்லிமீட்டர், எர்த் 1.5. இந்த ஜோடிக்கு மீட்டருக்கு 19.5 மில்லி ஓம். 30 மீட்டருக்கு, வயர் சூடானால் ஏறும் தடையையும் சேர்த்து, 0.7 ஓம். ஆக லூப் 0.9, கரண்ட் 255 ஆம்பியர். சி20 எம்சிபிக்கு 200 போதும், உடனே விழும். "அடிக்கடி ட்ரிப் ஆகிறது" என்று யாரோ அதை எடுத்துவிட்டு சி32 போட்டிருந்தால்? 320 வேண்டும், 255தான் இருக்கிறது. காந்தச் சுருள் இழுக்கும் என்று சொல்ல முடியாது. பட்டை சூடாகி விழச் சில வினாடி ஆகலாம். 1.5 சதுர மில்லிமீட்டர் எர்த் வயரின் பிவிசி உறை 255 ஆம்பியரை ஒரு வினாடிகூடத் தாங்காது. எம்சிபி விழும்போது சுவருக்குள் இருக்கும் எர்த் வயரும் கெட்டுப் போயிருக்கும், அடுத்த ஃபால்ட்டுக்கு வழியே இருக்காது. எம்சிபியின் ஆம்பியரைக் கூட்டுவது ஓவர்லோடு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் என்று எண்ணுபவர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் எலெக்ட்ரீஷியன்கள் ஒவ்வொரு சர்க்யூட்டின் கடைசிப் பாயிண்டிலும் லூப் இம்பீடன்ஸை அளந்து சான்றிதழில் எழுதுகிறார்கள். பி.எஸ். 7671 என்ற அந்த பிரிட்டிஷ் வயரிங் விதிகளில் ஒவ்வொரு எம்சிபிக்கும் அதிகபட்ச ஓம் அட்டவணையாகவே இருக்கிறது, பி32-க்கு 1.37, சி32-க்கு 0.68. சப்ளை வோல்டேஜ் 5 சதவீதம் குறைந்தாலும் வேலை செய்ய வேண்டும் என்று கழித்துப் போட்ட எண்கள் அவை. நம் நாட்டில் புது வீட்டுக்கு இந்த அளவீட்டை யாரும் கேட்பதே இல்லை. கேட்க ஆரம்பிக்க வேண்டும் என்பது என் ஆசை.

நம் ஊரில் இந்த அளவீட்டுக்குப் பதிலாகச் செய்வது பல்ப் டெஸ்ட். ஹோல்டரில் 100 வாட் பல்ப், ஒரு வயர் ஃபேஸில், இன்னொன்று எர்த்தில். நன்றாக எரிந்தால் எர்த் ஓகே. இது எவ்வளவு ஏமாற்றும் என்று பாருங்கள். எரியும் 100 வாட் பல்பின் தடை 529 ஓம். எர்த் 50 ஓமாக இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துவிடும், பளிச்சென்று எரியும். 50 ஓம் எர்த்தில் ஃபால்ட் கரண்ட் 5 ஆம்பியரைத் தாண்டாது, எந்த எம்சிபியும் அசையாது. பல்ப் எரிந்தால் எர்த் வயர் அறுந்து போகவில்லை என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பல்பை வைத்ததும் ஆர்சிசிபி விழுந்தால்தான் அது நல்ல செய்தி.

சரியான கருவி லூப் டெஸ்டர். பிளக் பாயிண்டில் சொருகினால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் ஒரு கணம் கரண்ட் ஓடவிட்டு, வோல்டேஜ் எவ்வளவு இறங்கியது என்று பார்த்து ஓமைக் காட்டும். ஆர்சிசிபி இருக்கும் வீட்டில் அது விழாதபடி மிகக் குறைந்த கரண்டில் அளக்கும் வசதியும் அதில் இருக்கும். உங்கள் வீட்டில் வைத்தால் 6 ஓம் வாக்கில் காட்டும். குழியை மட்டும் தனியே அளக்க, வயர்மேன் செய்தது போல இரண்டு கம்பிகளைத் தள்ளி நட்டு அளக்கும் எர்த் டெஸ்டர் வேண்டும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து எர்த் அளப்பது பயனில்லாத வேலை, செய்ய வேண்டாம்.

இதில் ஒரு குறுக்குவழியையும் சொல்லி எச்சரித்துவிடுகிறேன். சில வீடுகளில் டிபி பாக்ஸிலோ, மூன்று பின் பாயிண்டுக்கு உள்ளேயோ நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஃபால்ட் கரண்ட் நியூட்ரல் வயரிலேயே திரும்பும், லூப் ஒரேயடியாகக் குறையும், எம்சிபி டப்பென்று விழும். பார்க்க அற்புதமாக இருக்கும். ஒரு நாள் கம்பத்தில் நியூட்ரல் ஜாயிண்ட் கழன்றால் என்ன ஆகும்? வீட்டில் ஓடும் கீசரின் கரண்ட் முழுவதும் எர்த் குழி வழியாகத் திரும்பப் பார்க்கும். குழி 28 ஓம் என்றால், எந்த ஃபால்ட்டும் இல்லாமலே வீட்டின் எல்லா இரும்பிலும் 110 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும். குழியே இல்லாத வீடு என்றால் கிட்டத்தட்ட முழு 230. வேறு நாடுகளில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துத் தருவது உண்டு, ஆனால் அங்கே சப்ளை நிறுவனமே நியூட்ரலை வழியெங்கும் பல இடங்களில் எர்த் செய்து, அதன் பொறுப்பையும் ஏற்கிறது. நம் வீட்டுக்குள் நாமே அதைச் செய்யக் கூடாது. ஏற்கெனவே செய்து வைத்திருந்தால் ஆர்சிசிபி போட்டதும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும், நிற்கவே நிற்காது. "ஆர்சிசிபி சும்மா சும்மா விழுகிறது" என்று கழற்றிப் போட்ட வீடுகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம். இன்னொரு காரணம், இரண்டு சர்க்யூட்டுகளின் நியூட்ரல் ஒன்றாகக் கலந்திருப்பது. இன்வர்ட்டருக்கு லைன் பிரித்த வீடுகளில் இது மிகவும் சாதாரணம். கழற்ற வேண்டியது அந்தக் கலப்பைத்தான், ஆர்சிசிபியை அல்ல.

இன்வர்ட்டர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். லூப் இம்பீடன்ஸ் வைண்டிங்கிலிருந்து ஆரம்பிக்கிறது என்றேன். மின்வெட்டில் வீடு இன்வர்ட்டரில் ஓடும்போது மூலமே மாறிவிடுகிறது. வீட்டு இன்வர்ட்டரால் நூறு ஆம்பியர் ஃபால்ட் கரண்டைத் தர முடியாது, அதற்கு முன் அதுவே ஓவர்லோடு காட்டி நிற்கும். சிறிய ஜெனரேட்டரும் அப்படித்தான். அதனால் இன்வர்ட்டர் அவுட்புட்டில் தனியாக ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வையுங்கள். மெயினில் இருப்பது இதற்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடக் கூடாது.

மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகள் 5 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள இணைப்புகளுக்கு எர்த் லீக்கேஜ் பாதுகாப்பைக் கேட்டன. அதை வைத்து, சின்ன வீட்டுக்குத் தேவையில்லை என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டு அறை வீட்டிலும் வருவது அதே 230 வோல்ட், மண்ணும் அதே மண். எம்சிபியால் முடியாது என்பதற்கு மேலே போட்ட கணக்கில் வீட்டின் அளவு எங்குமே வரவில்லை.

உங்கள் வீட்டுக்கு நான் செய்யச் சொல்வது: கீசரை மாற்றும் வரை அதன் பிளக்கைக் கழற்றி வையுங்கள். கீசர் சர்க்யூட்டில் இருக்கும் 32 ஆம்பியர் எம்சிபியைப் பாருங்கள்; வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் அந்த வயருக்கே 32 அதிகம். 2 கிலோவாட் கீசருக்கு 16 ஆம்பியர் போதும். மீட்டருக்கு அடுத்து, நேரம் தாழ்த்தி விழும் எஸ் வகை ஆர்சிசிபி ஒன்று, 100 மில்லி ஆம்பியரோ 300 மில்லி ஆம்பியரோ. உங்கள் 4 ஓமுக்கு இரண்டும் தாராளம். அதற்குக் கீழே 30 மில்லி ஆம்பியரில் இரண்டு: ஒன்று குளியலறை, சமையலறை, மோட்டார் பக்கம், இன்னொன்று மீதி வீட்டுக்கு. ஒரே ஒன்று போட்டால் மழைக்காலத்தில் வெளி லைட்டில் ஈரம் பட்டாலும் முழு வீடும் அணையும், எரிச்சலில் யாராவது அதை பைபாஸ் செய்துவிடுவார்கள். வாங்கும்போது ஏ வகை என்று கேட்டு வாங்குங்கள். இன்வர்ட்டர் ஏசியும் புது வாஷிங் மெஷின்களும் தரும் ஒருபக்க அலை லீக்கேஜை, 'ஏசி வகை' என்று விற்கும் ஆர்சிசிபி கவனிக்காமல் விடலாம். ஆர்சிசிபி ஓவர்லோடைப் பார்க்காது, அதனால் எம்சிபிகள் அப்படியே இருக்க வேண்டும். ஃபேஸ் ஒரு கையில், நியூட்ரல் மறு கையில் பிடித்தால் ஆர்சிசிபிக்கும் அது சாதாரண லோடாகத்தான் தெரியும் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். உள்ளே ஒரு சிறு ரெசிஸ்டர் வழியாகச் சமநிலையைக் குலைத்து, பொறி வேலை செய்கிறதா என்று அது பார்க்கிறது. எர்த் வயர் ஒழுங்காக இருக்கிறதா என்று அந்தப் பட்டனுக்குத் தெரியாது. அதற்கு, மே மாதக் கடைசியில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, குழிக்குத் தண்ணீர் ஊற்றாமல் அளக்கச் சொல்லுங்கள். 4 ஓம் அப்போது 15 ஆகியிருந்தாலும் கவலையில்லை. 150 ஆகியிருந்தால் முதலில் கிளாம்ப் போல்ட்டைப் பாருங்கள், புதுக் குழி அப்புறம்.